கால் கிலோ இறாலுக்கு ஓர் இரும்புத் தாச்சி

சீன உணவகத்தில் கேட்ட பத்து நிமிடத்துக்குள் மேசைக்கு வந்துவிடும் உள்ளி இறால், வீட்டுக் குசினியில் மட்டும் ஏன் குழம்புக்கும் பொரியலுக்கும் நடுவில் தத்தளிக்கும் ஒன்றாகிவிடுகிறது என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. இறாலுக்குக் குறைவில்லாத திருகோணமலையில் இருந்துகொண்டு அதற்காக உணவகத்தில் பணம் கொடுப்பது மனதுக்கு ஒவ்வாத காரியம். விடை பாத்திரத்தில் இருக்கக்கூடும் என்று நம்பி, சென்ற மாசி மாதத்தில் நகரிலுள்ள பாத்திரக் கடையொன்றில் காபன் உருக்கினால் செய்த தாச்சி ஒன்றை 6,800 ரூபா கொடுத்து வாங்கினேன். ஆறு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று முறை அதில் சமைத்த பிறகே இதை எழுதுகிறேன். பாத்திரத்தில் இருந்தது பாதி விடைதான்; மற்றப் பாதி, ஒரே தடவையில் எவ்வளவு இறாலை அதில் போடுகிறோம் என்பதில் இருந்தது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். வாய் விட்டம் 32 சென்றிமீற்றர். தகட்டின் கனம் ஒன்றரை மில்லிமீற்றர் என்று ஒட்டியிருந்த தாளில் அச்சிடப்பட்டிருந்தது. வீட்டுத் தராசில் வைத்தபோது 1.6 கிலோகிராம் காட்டியது. ஒரு பக்கம் நீண்ட மரக் கைபிடியும் எதிர்ப்பக்கம் சிறிய இரும்புக் காதும் உள்ளன. அடிப்பாகம் உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக்கப்பட்டிருப்பதால் காஸ் குக்கரின் தாங்கியில் ஆடாமல் நிற்கிறது. பெயர் சொல்லத்தக்க நிறுவனம் எதுவும் இல்லை. சீன எழுத்துகளும் சீனாவில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் மட்டுமே உண்டு. விற்றவர் மூன்று உறுதிகள் தந்தார்: ஒட்டாது, கறள் பிடிக்காது, எந்த அடுப்பிலும் வைக்கலாம். மூன்றாவது உண்மை. முதலாவது, ஒரு மாதம் பாடுபட்ட பிறகு உண்மையாயிற்று. இரண்டாவது அப்பட்டமான பொய்; அதைப் பின்னர் சொல்கிறேன்.

தாச்சி என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது என்பார்கள். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதே வடிவத்துக்குச் சீனச்சட்டி என்ற பெயரும் உண்டு. பெயர் எந்தக் கப்பலில் வந்திருந்தாலும் வடிவம் நமக்குப் புதியதன்று. வடை பொரிக்கும் அலுமினியத் தாச்சி இல்லாத வீடு இங்கே ஏது? அப்படியிருக்க இன்னொன்று எதற்கு என்று வீட்டில் எழுந்த கேள்வி நியாயமானதே. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் உருக்கைவிடப் பல மடங்கு மேலானது என்பதும் உண்மை. ஆயினும் இந்தச் சமையலுக்கு அந்த மேன்மை உதவுவதில்லை. அலுமினியத் தாச்சி அடியிலிருந்து விளிம்பு வரை ஏறத்தாழ ஒரே சூட்டுக்கு வந்துவிடுகிறது. மெல்லிய உருக்குத் தாச்சியிலோ அடி கொதித்துக்கொண்டிருக்க, பக்கச் சுவர்கள் சற்றுத் தணிந்தே இருக்கின்றன. வெந்த துண்டுகளைப் பக்கச் சுவரில் ஏற்றி வைத்துவிட்டு நடுவில் அடுத்ததை வதக்கலாம். அதோடு, அலுமினியத்தின் மேற்பரப்பில் இறால் பசைபோல ஒட்டும். வினாகிரி சேர்ந்தால் உலோகமும் சிறிது கரையும். நொன்ஸ்டிக் சட்டியில் ஒட்டும் தொல்லை இல்லை. ஆனால் அதன் பூச்சு 260 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெரிய நெருப்பில் சில நிமிடம் விட்டாலே அந்தச் சூடு வந்துவிடும் என்பதால், சீன முறைக்கு வேண்டிய முதற்படியே அதற்கு ஆகாத காரியம்.

வாங்கி வந்த அன்றே சமைத்துவிட முடியாது. கப்பலில் வரும்போது கறள் பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். அதைச் சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவி, பின்னர் பெரிய நெருப்பில் வைத்துச் சாம்பல் நிறம் நீலமாக மாறும்வரை பகுதி பகுதியாகச் சூடாக்க வேண்டும். எழும் புகை கொஞ்சநஞ்சமன்று. குசினியில் தொடங்கியவன் பாதியில் முற்றத்துக்கு மாறினேன். அதன்மேல் எண்ணெயை மெல்லியதாகப் பூசிச் சூடேற்றினால், எண்ணெய் காய்ந்து இறுகி உலோகத்தோடு ஒன்றிய கரும்படலமாகும். இந்தப் படலந்தான் ஒட்டாமையின் இரகசியம். ஒரே பூச்சில் அது வராது. நான்கைந்து முறை பூசிச் சூடேற்ற வேண்டும்.

இங்கேதான் நான் முதலில் வழுக்கினேன். கைக்கு எட்டிய தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பூசினேன். மறுநாள் பார்த்தால் பலாப்பால் பூசியதுபோல் பிசுபிசுவென்றிருந்தது. முதல் இறால் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது காற்றோடு சேர்ந்து இறுகும் தன்மை குறைந்தது என்பதையும், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவையே இதற்கு ஏற்றவை என்பதையும் பிறகே படித்து அறிந்தேன். படிப்பதற்கு முன்னரே மாமி சொல்லிவிட்டார். கல்லுப்பும் தேங்காய்த் தும்புமாக நான் தாச்சியோடு மல்லுக்கட்டுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, புதுத் தோசைக்கல்லு வாங்கினா நாங்க என்ன செய்யிறம்? நல்லெண்ணெயத் துணியில தொட்டுப் பூசி, வெங்காயத்தப் பாதியா வெட்டித் தேய்க்கிறம். இதுவும் இரும்புதானே?" என்றார். நல்லெண்ணெய் பாதிக்குப் பாதி இறுகக்கூடிய எண்ணெய் வகை. சீனர்களும் புதிய தாச்சியில் இஞ்சித் துண்டையும் வெங்காயத்தாளையும் எண்ணெயில் கருகும்வரை வதக்கி, அதனால் உட்பக்கம் முழுவதும் தேய்த்துப் பழக்குகிறார்கள். மாமி சொன்னபடி ஒரு மாலை முழுவதும் செய்தேன். எண்ணெய் பூசியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டுச் சூடேற்ற வேண்டும் என்பதுதான் அதில் கைவர வேண்டிய நுட்பம். இரண்டாவது கிழமையில் முட்டை ஒட்டாமல் வழுக்கிற்று. மாத முடிவில் இறாலும் வழுக்கிற்று.

இனி இறால். இந்த மதிப்புரை தாச்சியைப் பற்றியது என்றாலும், இறாலைச் சரியாக எடுக்காவிட்டால் எந்தத் தாச்சியாலும் பயனில்லை. கொட்டியாரக் குடாவிலும் தம்பலகாமக் குடாவிலும் பிடிபட்டு மூதூர், கிண்ணியா வழியாகக் காலையில் சந்தைக்கு வரும் வெள்ளை இறாலே இதற்கு நல்லது. நடுத்தர அளவு, அதாவது சுட்டுவிரல் நீளம், போதும். பெரிய புலி இறால் பார்க்க அழகு. ஆனால் உள்ளே வேகும் முன் வெளிப்புறம் முற்றிவிடும். தலை உடலோடு இறுகப் பற்றியிருக்கிறதா, ஓடு விறைப்பாக இருக்கிறதா, கழுத்தருகே கறுத்த புள்ளிகள் இல்லையா என்று மட்டும் பார்ப்பேன். அரைக் கிலோ வாங்கினால் தலையும் ஓடும் போக ஏறத்தாழக் கால் கிலோ சதை மிஞ்சும். அந்தத் தலையையும் ஓட்டையும் எறியக்கூடாது. ஒரு கோப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் சோஸுக்கு வேண்டிய சாறு கிடைத்துவிடும்.

சுப்பர் மார்க்கெட்டின் உறைந்த இறாலையும் ஒரு தடவை முயன்றேன். உறைய வைக்கும் முன் பொஸ்பேற்றுக் கரைசலில் ஊறவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அப்படி ஊறிய இறால் நிறை கூடித் தெரியும், சூட்டில் குடித்ததையெல்லாம் கக்கும். நான் வாங்கிய பொதி அந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்: தாச்சியில் போட்ட அரை நிமிடத்தில் குளம் கட்டிவிட்டது. சந்தை இருக்கும் ஊரில் அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

இறாலின் முதுகைக் கீறிக் குடலை எடுத்த பின், அரைத் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் பிசறிக் குளிர்சாதனப் பெட்டியில் இருபது நிமிடம் வைக்கிறேன். சீன உணவகத்து இறால் கடிக்கும்போது நறுக்கென்று முறிகிறதே, அந்தத் தன்மை இங்கிருந்துதான் வருகிறது: அப்பச்சோடாவின் காரத்தன்மையால் சதைப்புரதம் சூட்டில் இறுகிச் சுருங்குவது குறைந்து, நீர் உள்ளேயே நிற்கிறது. அளவு மீறினால் சவர்க்காரச் சுவை வந்துவிடும். கால் தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். பிறகு ஒருமுறை கழுவி, பருத்தித் துணியில் பரப்பி, மேலும் ஒரு துணியால் ஒற்றி, கையில் ஈரம் ஒட்டாத வரைக்கும் உலர்த்த வேண்டும். இந்த ஒற்றுதலைத் தவிர்த்துவிட்டுச் சமைத்த நாட்களையும் தவறாமற் செய்த நாட்களையும் ஒப்பிட்டால், விளைவில் தாச்சிக்கும் தாச்சிக்கும் உள்ள வேறுபாட்டைவிட இது பெரிதாக இருந்தது. உலர்ந்த இறாலில் ஒரு தேக்கரண்டி சோளமாவும் சிறிது வெண்மிளகுத் தூளும் தூவிப் பிரட்டிவைத்தால் வேலை முடிந்தது.

சோஸை அடுப்பு மூட்டும் முன்பே கலந்துவைக்க வேண்டும். சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, ஒயிஸ்டர் சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, தென்னை வினாகிரி ஒரு தேக்கரண்டி, ஓடு வடித்த சாறு மூன்று மேசைக்கரண்டி, கட்டியாவதற்கு அரைத் தேக்கரண்டி சோளமா: எனக்குப் பொருந்திய அளவு இது. சீனச் சமையலில் வினாகிரிக்குப் பதில் அரிசி மது சேர்ப்பார்கள். அதை ஊற்றினால் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் கிண்ணியா முஸ்லிம் நண்பர்கள் கைவைக்கமாட்டார்கள் என்பதால் அதன் பக்கம் போகவில்லை; புளிப்பும் மணமும் சேர்ந்த தென்னை வினாகிரி அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. உப்புத் தனியாக வேண்டாம், இரண்டு சோஸிலுமே அது தாராளமாக உண்டு. ஒயிஸ்டர் சோஸ் பழங்காலத்துப் பொருள் என்று எண்ணியிருந்தேன். குவாங்தொங் மாகாணத்தில் 1888 ஆம் ஆண்டு லீ கும் ஷியுங் என்பவர் சிப்பிச் சாற்றை அடுப்பில் மறந்து வற்றவிட்டதில் பிறந்தது என்பதே அவர் தொடங்கிய லீ கும் கீ நிறுவனம் சொல்லும் கதை. சந்தையிலுள்ள மலிவான போத்தல்களில் சிப்பியைவிடச் சீனியும் மாவும் முன்னே நிற்கின்றன. வாங்கும் முன் பின்பக்கத்து உள்ளடக்கப் பட்டியலின் முதல் இரண்டு சொற்களையாவது பார்ப்பது நல்லது.

இங்கே நம்மவர்கள் பலரும் தவறும் ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். சீனச் செய்முறைகளில் கடைசியில் சில துளி எள்ளெண்ணெய் என்று வரும். அதை நல்லெண்ணெய் என்று மொழிபெயர்த்துக்கொண்டு போத்தலைச் சரிப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் சரித்திருக்கிறேன். அவர்களுடையது எள்ளை நன்றாக வறுத்த பின் பிழிந்த கபில நிற எண்ணெய், அதன் வேலை மணம் மட்டுமே. நம்முடையது வறுக்காத எள்ளில் ஆட்டியது. அதை ஊற்றிய இறாலில் இட்டலிப்பொடியின் ஞாபகம்தான் வந்தது. சீன வகை கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். அல்லது ஒரு தேக்கரண்டி எள்ளை வெறும் தாச்சியில் பொன்னிறமாக வறுத்துக் கடைசியில் தூவலாம்.

அடுப்பில் நடப்பது நான்கு நிமிடம். வெறும் தாச்சியைப் பெரிய நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, ஒரு துளி தண்ணீரைத் தெளிக்கிறேன். துளி சீறி ஆவியானால் இன்னும் பொறுக்க வேண்டும். பாதரச மணிபோல் உருண்டு ஓடினால் சூடு போதும். ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுழற்றியதும், இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிவிட்டு, அகப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன். முக்கால் நிமிடம் தொடவே கூடாது. கிளறிக்கொண்டேயிருப்பதுதான் சீனச் சமையல் என்று நானும் நினைத்திருந்தேன். இந்த அளவு நெருப்பில் அப்படிக் கிளறினால் ஒரு பக்கமும் சிவக்காது. அடிப்பக்கம் பொன்னிறப் பொட்டு விழுந்ததும் புரட்டி அரை நிமிடம் விட்டு, தட்டில் எடுத்துவிடுகிறேன். நிறம் மாறிவிட்டதே, வெந்திருக்குமே என்று நிறத்தை மட்டும் நம்பக்கூடாது: இறாலில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருள் ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது, சூட்டில் அந்தப் புரதம் குலைந்தவுடன் செம்மை வெளிவருகிறது, அது உள்ளே வேகும் முன்பே நடந்துவிடும். வளைவைப் பார்க்க வேண்டும். பிறைபோல் வளைந்திருந்தால் சரி. வட்டமாகச் சுருண்டு தலையும் வாலும் முட்டினால் பதம் தாண்டிவிட்டது.

அதே தாச்சியில் இன்னும் சிறிது எண்ணெய் விட்டு, பொடியாக வெட்டிய ஐந்து பல் உள்ளி, விரல் நுனி அளவு இஞ்சி, கிள்ளிப்போட்ட மூன்று செத்தல் மிளகாய், சரிவாக வெட்டிய இரண்டு கறிமிளகாய், ஒரு கைப்பிடி லீக்ஸ். உள்ளி கருகும் முன், முக்கால் நிமிடத்துக்குள், இறாலைத் திரும்பப் போட்டு, கலந்துவைத்த சோஸை நடுவில் ஊற்றாமல் விளிம்பைச் சுற்றி ஊற்ற வேண்டும். சூடான சுவரில் பட்டு அது சீறும் அந்த ஒரு கணத்தில், வற்றிய சோயாவும் சீனியும் இலேசாகக் கருகி எழும் மணம்தான், குசினிக்கு வெளியே நிற்பவரையும் என்ன சமையல் என்று கேட்கவைக்கும் மணம். பளபளப்பாகக் கட்டியாகி இறாலைப் போர்த்தியதும் அடுப்பை அணைத்து, வெங்காயத்தாளைத் தூவி இறக்கிவிட வேண்டும்.

பழைய அலுமினியத் தாச்சியில் இதே அளவுகளோடு, இதே நாளில், இதே இறாலைச் சமைத்து ஒப்பிட்டேன். வேறுபாடு இறாலின் தோலில் இருந்தது: இரும்பில் பொட்டுப் பொட்டாகச் சிவந்து ஓரம் மொறுமொறுத்திருந்தது; அலுமினியத்தில் சோளமாப் பூச்சு பாதி அடியில் ஒட்டி நின்றுவிட்டதால் இறால் வழவழவென்று வெளிறி வந்தது. ஒட்டிய மாவு கருகிச் சோஸிலும் ஒரு கைப்பு ஏறிவிட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே 6,800 ரூபாவை நான் குறைசொல்லமாட்டேன்.

சித்திரையில் விருந்தினர் வந்தபோது பட்ட பாட்டையும் மறைக்கக்கூடாது. ஆறு பேருக்கு என்று உரித்த இறால் முக்கால் கிலோவை ஒரே முறையில் தாச்சியில் கொட்டினேன். சீறல் ஒரு நொடியில் அடங்கிற்று. அடுத்த நிமிடம் சாம்பல் நிற நீரில் இறால் மிதந்தது. அன்று பரிமாறியது உள்ளி இறால் என்ற பெயரில் ஒரு தண்ணீர்க் குழம்பு. விருந்தினர் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. கொதிநிலைக்கு வந்த தண்ணீர் 100 கிராமை ஆவியாக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 226 கிலோயூல் வெப்பம் வேண்டும். வீட்டு காஸ் குக்கரின் பெரிய பர்னர் 3 கிலோவாட் அளவில் தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் சட்டியின் பக்கங்களால் காற்றோடு போய்விடுகிறது. ஆகவே இறால் விட்ட 100 கிராம் நீர் வற்றவே மூன்று நிமிடமாகும். இறால் ரப்பராவதற்கு அது தாராளமான நேரம். உணவகத்துச் சீன அடுப்பு இதைப்போல் பல மடங்கு நெருப்பைக் கக்குகிறது, அவர்களால் கிலோக் கணக்கில் ஒரே தடவையில் பிரட்ட முடிகிறது. நம் அடுப்புக்கு இந்தத் தாச்சியில் ஒரு தடவைக்குக் கால் கிலோ என்பதே எல்லை. ஆறு பேருக்கு என்றால் மூன்று தடவை தனித்தனியாகச் சிவக்கவைத்துத் தட்டில் சேர்த்து, கடைசியில் ஒன்றாகச் சோஸில் பிரட்ட வேண்டும். இருபது நிமிடமாகும். அவசரச் சமையல் என்று சொல்லப்படுவது அடுப்பருகே நிற்கும் நான்கு நிமிடத்தை மட்டும் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. உரிப்பது, ஊறவைப்பது, ஒற்றுவது, வெட்டுவது எல்லாம் சேர்த்தால் இரண்டு பேர் சாப்பாட்டுக்கே முக்கால் மணித்தியாலம் போய்விடுகிறது.

நெருப்பைப் பற்றிப் பேசும்போது காற்றையும் சேர்க்க வேண்டும். ஆடியில் கச்சான் என்ற மேல்காற்று வீசியபோது குசினி யன்னலைத் திறந்துவைத்துச் சமைத்த நாட்களில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாச்சியின் கிழக்குப் பக்கம் மட்டும் காய்ந்தது. யன்னலைச் சாத்தினால் புகை கண்ணைப் பிடுங்கும். எதிரே ஒரு தகரத் துண்டை மறைப்பாக நிறுத்திச் சமாளிக்கிறேன். காஸ் கிடைக்காமல் எல்லோரும் விறகுக்குத் திரும்பிய 2022 ஆம் ஆண்டில் இந்தத் தாச்சி என்னிடம் இருந்திருந்தால், நன்றாக எரியும் விறகடுப்பில் அது இதைவிடச் சிறப்பாக வேலை செய்திருக்கும் என்றே நினைக்கிறேன். முற்றத்தில் மூன்று கல் வைத்து ஒருமுறை செய்து பார்த்தபோது இறால் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிவந்தது. ஆனால் மரக் கைபிடியின் வேர்ப்பகுதி கருகி, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கறள் பிடிக்காது என்ற வாக்குறுதிக்கு வருவோம். எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம்; கடற்கரைக்கும் குசினிக்கும் இடையில் சில நூறு யார் தூரம்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவைத்த தாச்சியில் மறுநாள் காலையில் செம்மண் தூவியதுபோல் கறள் பூத்திருந்தது. காபன் உருக்கில் கறளைத் தடுக்கும் குரோமியம் கிடையாது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரவே போதும். கடைக்காரரிடம் சொன்னபோது, கழுவத் தெரியாமல் கழுவியிருக்கிறீர்கள் என்று என் தலையிலேயே போட்டுவிட்டார். பாதி உண்மைதான், ஆனால் விற்கும்போது அதைச் சொல்லியிருக்கலாமே. இப்போது சமைத்தவுடன் சூடு தணியுமுன் வெறும் சுடுநீரும் தும்பும் கொண்டு தேய்த்து, திரும்ப அடுப்பில் வைத்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து மாட்டிவைக்கிறேன். இரண்டு நிமிட வேலை. தவறவிட்டால் மீண்டும் பழக்க ஒரு மாலை வேலை. இரவு சாப்பிட்ட பின் பாத்திரங்களைத் தொட்டியில் ஊறவிட்டு உறங்கப்போகும் வழக்கமுள்ளவர்கள் இந்தத் தாச்சியை வாங்க வேண்டாம்.

வாங்கும் முன் எனக்குத் தோன்றாத இன்னொரு சிக்கல் வெள்ளிக்கிழமைகளில் எழுந்தது. மாமி வெள்ளியிலும் புரட்டாதிச் சனியிலும் சைவம். எவர்சில்வர் சட்டியைத் தேய்த்துக் கழுவினால் மச்ச வாசனை போய்விடும். எண்ணெய் இறுகிய படலத்தையோ சவர்க்காரம் போட்டு அழுத்தித் தேய்க்கக்கூடாது என்பதே விதி, அதனால் இறாலின் மணம் அதில் குடியிருந்துவிடுகிறது. அதில் வதக்கிய போஞ்சியை வாயில் வைக்குமுன்பே மாமி மோந்து கண்டுபிடித்துவிட்டார். ஆகவே நம் வீடுகளில் இது மச்சத்துக்கு மட்டுமான பாத்திரமாகவே இருக்க முடியும். இரண்டு பாவனைக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டு வாங்கினால் அந்தக் கணக்கு பிழைக்கும்.

சிறு குறைகளும் உண்டு. மூன்றாம் மாதத்தில் கைபிடியின் திருகாணி தளர்ந்தது. முடுக்கினால் ஒரு கிழமை நிற்கிறது. 1.6 கிலோவை ஒரு கையால் தூக்கி உலுக்கிப் பிரட்டுவது காணொளிகளில் பார்க்க எளிது, என் மணிக்கட்டுக்கு எளிதாக இல்லை, அகப்பைதான் கைகொடுக்கிறது. என் துணைவியார் சமைக்கும்போது இரு கையாலும் பிடித்தே இறக்குகிறார், எதிர்ப்பக்கத்துக் காது சூடாகிவிடுவதால் துணி இல்லாமல் முடியாது.

இருவர் அல்லது மூவர் உள்ள வீடு, வாரம் ஒருமுறையாவது இறாலோ கணவாயோ சமைக்கும் வீடு, தோசைக்கல்லைப் பேணத் தெரிந்த கை: இவை இருந்தால் வாங்கலாம். அதே கடையில் 36 சென்றிமீற்றர் அளவில் அடி உருண்ட ஒன்றும் இருந்தது. ஆறு பேருக்கு ஒரே தடவையில் ஆகிவிடும் என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். வீட்டு பர்னரில் அந்த அகலத்தைச் சூடாக்க நெருப்புக்கு வழியில்லை என்பது சித்திரை விருந்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டதால் வைத்துவிட்டு வந்தேன். மூடி தனியாக வாங்க வேண்டும் என்றார்கள். அலுமினியத் தாச்சியின் மூடியைப் போட்டுப் பார்த்தேன், ஒரு விரற்கடை உள்ளே இறங்கி நிற்கிறது. இந்த ஆறு மாதத்தில் இறாலுக்கு மூடி தேவைப்பட்டதில்லை.